வாயு வரும் நேரம்

துபாயிலோ குவைத்திலோ எழும் ஒரு வில்லாவின் சுவருக்காக இறக்கி வைத்திருக்கும் வெள்ளை பிளாக் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நீளம் 600 மில்லிமீட்டர். உயரமும் கனமும் 200 மில்லிமீட்டர். கன அளவு 24 லிட்டர். நன்றாக உலர்ந்த நிலையில் எடை 12, 13 கிலோ. இதே அளவுக்குச் சாதாரணக் கான்கிரீட்டை வார்த்தால் 55 கிலோவைத் தாண்டும், ஒருவர் தனியாகத் தூக்கி வைக்க முடியாது. வெள்ளை பிளாக்கை ஒரே மேஸ்திரி தூக்கி வைத்து, கைரம்பத்தால் அறுத்து, மூலைக்குத் தகுந்தபடி சீவிவிடுகிறார். சைட்டில் இதை லைட் வெயிட் பிளாக் என்பார்கள்; நம் ஊர்க் கடைகளில் ஏஏசி கல் என்று கேட்டால் கிடைக்கும்.

அதில் இருப்பவை எல்லோருக்கும் தெரிந்த பொருள்கள்தான்: சிமென்ட், சுண்ணாம்பு, பொடியாக அரைத்த மணல், கொஞ்சம் ஜிப்சம், தண்ணீர். கூடவே சுமார் 10 கிராம் அலுமினியத் தூள். சமையலறையில் சப்பாத்தி சுற்றி வைக்கும் 30 செ.மீ. அகல ஃபாயிலில் முக்கால் மீட்டருக்குச் சற்று அதிகமாகக் கிழித்தால் அந்த 10 கிராம் வந்துவிடும். 12 கிலோப் பொருளை 24 லிட்டராக விரித்துக் காட்டுவது இந்தத் துளிதான். பிளாக்கில் நூற்றுக்கு ஏறக்குறைய 78 பங்கு வெற்றிடம். அதில் பெரும்பகுதி அலுமினியம் எழுப்பிய குமிழ்கள். மீதி, தண்ணீர் வற்றிப்போன இடங்கள்.

இந்தப் 10 கிராம் எப்படி வேலை செய்கிறது, அது சரியாக வேலை செய்யாவிட்டால் சுவருக்கு என்ன ஆகிறது என்பதுதான் இந்த அத்தியாயத்தின் கதை.

அலுமினியம் உண்மையில் மிக வேகமாக வினைபுரியும் உலோகம். காற்றுப் பட்டவுடனேயே அதன் மேல் சில நானோமீட்டர் தடிமனில் ஓர் ஆக்சைடு படலம் படர்ந்துவிடுகிறது. அந்தப் படலம்தான் நம் வீட்டு அலுமினியக் குண்டானைத் தண்ணீரிடமிருந்து காப்பாற்றுகிறது. ஆனால் காரம் அந்தப் படலத்தைக் கரைத்துவிடும். அலுமினியப் பாத்திரத்தில் சுண்ணாம்பு கரைத்து வைக்கக் கூடாது என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வதற்குக் காரணம் இதுவே. பாத்திரம் கறுத்து, குழி விழுந்து, ஓட்டையாகிவிடும். அந்தச் சேதம் நடக்கும்போது கண்ணுக்குத் தெரியாமல் வெளியேறும் வாயு ஹைட்ரஜன்.

சிமென்ட்டும் சுண்ணாம்பும் கலந்த கூழ் கடும் காரத்தன்மை கொண்டது, அதன் பி.ஹெச். 12க்கு மேல். அதில் விழும் அலுமினியம், கால்சியம் ஹைட்ராக்சைடோடும் தண்ணீரோடும் வினைபுரிந்து கால்சியம் அலுமினேட்டாகிறது, ஹைட்ரஜன் விடுபடுகிறது. கணக்கு எளிது. 54 கிராம் அலுமினியத்திலிருந்து 6 கிராம் ஹைட்ரஜன் கிடைக்கும். எடையில் அற்பம்; கன அளவில், பூஜ்ஜியம் டிகிரி வெப்பநிலையில் 67 லிட்டர். அதாவது கிராமுக்கு 1.24 லிட்டர். 45 டிகிரிச் சூட்டில் இருக்கும் கூழில் அது 1.45 லிட்டராக விரியும். 10 கிராமுக்கு 14 லிட்டருக்கு மேல். மேற்பரப்பில் வெடித்து வீணாவது போக, 24 லிட்டர் பிளாக்கின் பாதியை நிரப்ப அது போதும்.

மற்ற கட்டுமான வேலைகளில் இதே வினை பகையாகிவிடுகிறது. வளைகுடாவிலும் சென்னையிலும் அடுக்குமாடிகளுக்குப் பயன்படும் அலுமினிய ஷட்டரிங்கில் (மைவான் என்றால் எல்லோருக்கும் புரியும்) பூச்சு இல்லாத புதுப் பலகையின் மேல் ஈரக் கான்கிரீட் பட்டால் சுவரின் முகத்தில் சின்னச் சின்னக் குழிகள் விழும். கான்கிரீட்டை அலுமினியக் குழாய் வழியே பம்ப் செய்யக் கூடாது என்று அமெரிக்கக் கான்கிரீட் கழகத்தின் விதிகள் தடுக்கின்றன. குழாயின் உட்புறம் தேய்ந்து கலக்கும் அலுமினியத் துகள், தூணும் உத்தரமும் இறுகும் முன்பே அவற்றுக்குள் வாயுவைக் கிளப்பி, வலிமையைக் குறைத்துவிடும். தூணில் குற்றமாகும் அந்த வாயுவைத்தான் பிளாக் ஆலை காசு கொடுத்து வாங்குகிறது.

ஆலையில் நடப்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சுமார் ஆறு மீட்டர் நீளமும் அரை மீட்டருக்கு மேல் ஆழமும் கொண்ட இரும்புத் தொட்டி. அதற்கு மோல்டு என்று பெயர். உட்புறம் எண்ணெய் பூசியிருக்கும். மிக்சரில் மணல் கூழ், சிமென்ட், சுண்ணாம்பு எல்லாம் கலந்து முடிந்த பிறகு, கடைசியாகத்தான் அலுமினியத்தைச் சேர்ப்பார்கள். அரை நிமிடத்துக்கு மேல் அதிகம் கலக்குவதில்லை. கலக்கியவுடனே மோல்டில் ஊற்றிவிடுவார்கள். ஊற்றும்போது தொட்டி பாதிக்குத்தான் நிரம்பும். சாம்பல் நிறக் கூழ், மோர்க்குழம்பின் பதம். முதல் ஓரிரு நிமிடங்களுக்கு எதுவும் தெரியாது. பிறகு மேற்பரப்பு மெல்ல உப்புகிறது. ஊசிமுனைக் குமிழ்கள் தோன்றி வெடிக்கின்றன. கால் மணியிலிருந்து அரை மணி நேரத்துக்குள் கூழ் தொட்டியின் விளிம்பைத் தாண்டி, மேலே பொருக்குத் தட்டி நிற்கிறது. சுண்ணாம்பு நீறும் சூட்டில் உள்ளே 70, 80 டிகிரி வரை ஏறும். இரண்டு மூன்று மணி நேரத்தில் விரலால் அழுத்தினால் தடம் பதியும், ஆனால் சரியாது என்ற பதம் வந்துவிடும். அதற்குக் கேக் என்று பெயர். அந்தக் கேக்கை மோல்டிலிருந்து கழற்றி, இழுத்துக் கட்டிய மெல்லிய எஃகுக் கம்பிகளால் பிளாக் பிளாக்காக அறுத்து, ஆட்டோகிளேவ் என்னும் நீராவிக் கலனுக்குள் தள்ளுகிறார்கள்.

ஊற்றியதிலிருந்து உப்பி நிற்கும் வரையிலான அந்த அரை மணி நேரத்தில் இரண்டு காரியங்கள் ஒரே சமயத்தில் நடக்கின்றன. அலுமினியம் வாயுவை விடுகிறது, கூழ் இறுகுகிறது. ஒன்றின் வேகத்தை மற்றொன்றுக்குப் பொருத்தி வைப்பதுதான் இந்தத் தொழிலின் முழுச் சூட்சுமம். எத்தனை லிட்டர் வாயு வரும் என்பதைப் பள்ளி மாணவரே கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம். அது எந்த நிமிடத்தில் வருகிறது என்பதில்தான் பிளாக்கின் தரம் இருக்கிறது.

வாயு முந்திக்கொண்டால், கூழ் இன்னும் நீர்த்திருக்கும். குமிழ்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்து, மேலேறி, வெடித்துத் தப்பிவிடும். உப்பிய கேக் நடுவில் பொசுக்கென்று அமுங்கும். பிழைத்த பகுதியிலும் அடியில் கனம், மேலே ஓட்டை என்ற ஏற்றத்தாழ்வு இருக்கும். வாயு பிந்தினால் நிலைமை வேறு. கூழ் அதற்குள் கெட்டியாகியிருக்கும். குமிழுக்கு உருண்டையாக விரிய இடம் கிடைக்காது. இறுகிய பொருளைப் பிளந்துகொண்டு தட்டையான விரிசலாகப் படுத்துவிடும். அப்படிப்பட்ட கேக் வெளியே பார்க்கச் செம்மையாகவே இருக்கும். அறுத்த முகத்தில் கிடைமட்டமாக ஓடும் மயிரிழைக் கோடுகள்தான் காட்டிக்கொடுக்கும். எனக்கு இந்த இரண்டாவது வகைதான் அதிகக் கவலை தருகிறது. அமுங்கிய கேக்கை ஆலையிலேயே கழித்து, கூழாக்கி மறுபடி பயன்படுத்திவிடுவார்கள். கோடு விழுந்த பிளாக் லாரி ஏறிவிடும்.

வாயு சரியான நேரத்தில் வந்த பிளாக்கை அறுத்துப் பார்த்தால் அரை மில்லிமீட்டரிலிருந்து ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வரையிலான துளைகள் ஒரே சீராகத் தெரியும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் அவை முழு உருண்டைகள் அல்ல, உப்பிய திசையில் சற்றே நீண்டவை என்பது புலப்படும். அதனால்தான் ஒரே பிளாக்கை உப்பிய திசையில் அழுத்தினால் ஒரு வலிமையும், குறுக்கே அழுத்தினால் வேறொரு வலிமையும் கிடைக்கின்றன. சோதனைக்குக் கட்டை வெட்டும்போது திசையைக் குறித்து வைக்க வேண்டியிருப்பது இதனால்தான். பாரத்தைத் தாங்குவது குமிழ்களுக்கு இடையில் நிற்கும் மெல்லிய சுவர்கள். அவை ஒரே கனத்தில் இருந்தால் சுமை பரவும். ஓரிடத்தில் பெருத்த ஓட்டை இருந்தால் பக்கத்துச் சுவர் முதலில் உடையும், உடைவு அங்கிருந்து ஓடும். எனவே ஒரே அடர்த்தியும் ஒரே அலுமினிய அளவும் கொண்ட இரண்டு பிளாக்குகளில் ஒன்று மற்றொன்றைவிடக் கணிசமாக வலுவாக இருக்க முடியும்.

வாயு வரும் நேரத்தை ஆலை எதைக் கொண்டு கட்டுப்படுத்துகிறது? முதலாவது, தூளின் நேர்த்தி. பிளாக்குக்குப் பயன்படும் அலுமினியம் மணி மணியான பொடி அன்று; பந்து ஆலையில் இடித்துத் தட்டையாக்கிய செதில். அகலம் சில பத்து மைக்ரான், தடிமன் ஒரு மைக்ரானை ஒட்டி. செதில் மெலிய மெலியப் பரப்பு கூடும், வினை விரையும், குமிழ்கள் சிறியனவாகவும் எண்ணிக்கையில் மிகுதியாகவும் இருக்கும். தடித்த செதில் தாமதமாகத் தொடங்கி நீண்ட நேரம் வாயு விடும். இடிக்கும்போது செதில்கள் ஒட்டிக்கொள்ளாமலும் தீப்பிடிக்காமலும் இருக்க ஸ்டியரிக் அமிலம் சேர்ப்பார்கள். இந்தக் கொழுப்புப் படலத்தால் தூள் தண்ணீரில் நனையாமல் மிதக்கும். அதை நனைக்க, சோப்புப் போன்ற ஒரு பொருள் வேண்டும். உலர்ந்த அலுமினியத் தூள் காற்றில் பறந்தால் ஒரு பொறியே வெடிக்க வைத்துவிடும் என்பதால் இப்போது பல ஆலைகள் தூளை விட்டுவிட்டுப் பசையாக வாங்குகின்றன.

இரண்டாவது, சூடு. வளைகுடாவின் தனிச் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. பொதுவாக வேதிவினைகள் 10 டிகிரி ஏறினால் ஏறக்குறைய இரு மடங்கு விரையும். இந்தத் தொழிலின் தாயகமான ஸ்வீடனில் கூழை 40 டிகிரியை ஒட்டிய சூட்டில் ஊற்றுவதற்குத் தண்ணீரைக் காய்ச்ச வேண்டும். ஆகஸ்ட் மாதத்து ஷார்ஜாவில் மேல்தொட்டித் தண்ணீரே 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். முற்றத்தில் குவித்திருக்கும் மணல் அதைவிடக் கொதிக்கும். அங்கே தண்ணீரைக் குளிர்விக்க வேண்டியிருக்கிறது. கோடையில் மாவு சீக்கிரம் பொங்குவதைப் பார்த்து நாம் கரைக்கும் நேரத்தை மாற்றிக்கொள்வதுபோல, ஆலைக்காரர்களும் பருவத்துக்கேற்பக் கலவையை மாற்றுகிறார்கள். சுண்ணாம்பு நீறும் வேகத்தைத் தணிக்க ஜிப்சத்தின் அளவைக் கூட்டலாம், சற்றுத் தடித்த செதிலுக்கு மாறலாம். ஜனவரியில் சரியாக வந்த அளவுகளை அப்படியே ஜூலையிலும் போட்டால் வாயு முந்திவிடும்.

இந்த முறையைச் செய்து காட்டியவர் ஸ்டாக்ஹோமில் இருந்த யோஹன் ஆக்ஸல் எரிக்சன் என்ற கட்டடக் கலைஞர். முதல் உலகப் போருக்குப் பின் ஸ்வீடனில் எரிபொருளுக்கும் மரத்துக்கும் தட்டுப்பாடு. மரம்போல இலேசாகவும் குளிர் தாங்குவதாகவும், ஆனால் எரியாமலும் உளுக்காமலும் இருக்கும் பொருள் ஒன்று வேண்டியிருந்தது. அலுமினியத் தூளால் கான்கிரீட்டை உப்பச் செய்யலாம் என்று அமெரிக்காவில் எய்ல்ஸ்வொர்த்தும் டையரும் 1914லேயே காப்புரிமை பெற்றிருந்தார்கள். எரிக்சன் 1920களில் அந்த உப்பலோடு அழுத்த நீராவியையும் சேர்த்தார். 1929இல் இக்ஸ்ஹுல்ட் என்ற ஊரில் ஆலை தொடங்கியது. இந்த பிளாக்கின் இடாங் (Ytong) என்ற வணிகப் பெயர் அந்த ஊரின் பெயரிலிருந்து பிறந்தது. அங்கே படிகாரக் களிக்கல்லை மூலப்பொருளாக்கிச் செய்த நீலக் கான்கிரீட்டில் யுரேனியம் கலந்திருந்தது. வீடுகளுக்குள் ரேடான் கதிர்வீச்சு வாயு சேர்ந்தது. அந்த வகையை 1975இல் நிறுத்தினார்கள். வேறோர் இடத்துப் பொருளை வைத்து எழுதிய செய்முறையை நம் ஊர் மண்ணுக்கு எடுத்து வருபவர்கள் இந்தச் சம்பவத்தை மறக்கக் கூடாது.

குளிருக்காகப் பிறந்த பிளாக் வெயிலுக்கு எப்படி வந்தது? எண்ணெய்க்கு முந்தைய வளைகுடாக் கடலோரத்தில் வீடுகள் ஈச்சமட்டையாலும் பவளப்பாறைக் கல்லாலும் ஆனவை. ராஸ் அல் கைமாவின் ஜசீரத் அல் ஹம்ராவில் அந்தப் பவளக்கல் வீடுகளை இன்றும் பார்க்கலாம். கல் முழுதும் துளை, இலேசானது, வெப்பத்தை மெதுவாகக் கடத்தும். எண்ணெய்ப் பணம் வந்தபின் பரவிய சிமென்ட் ஹாலோ பிளாக்கில் அந்தக் குணம் இல்லை. வெயில் சுவரைத் தாண்டி உள்ளே வந்தது. ஏசி அதைத் திருப்பித் தள்ளியது. கோடை உச்சத்தில் குவைத்தின் மின்சாரத்தில் பெரும்பகுதியை ஏசிகளே விழுங்கும் நிலை உருவானது. 1983இல் குவைத் அரசின் மின்சார, நீர் அமைச்சகம் கட்டடங்களுக்கு வெப்பத்தடுப்பு விதிகளைக் கட்டாயமாக்கியது. துபாய் மாநகராட்சி 2003இல் அதே வழியில் வந்தது. பசுமைக் கட்டட விதிமுறைகள் 2011இல் அரசுக் கட்டடங்களுக்கும், 2014இல் எல்லாப் புதுக் கட்டடங்களுக்கும் வந்தன. குவைத்தில் இந்த பிளாக்கைச் செய்யும் அசிகோ நிறுவனத்தின் பெயரே அதன் ஆங்கில முழுப்பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தது. தமிழில் சொன்னால் காற்றூட்டிய கான்கிரீட் தொழில் நிறுவனம்.

விதியின் எண்ணையும் அலுமினியத்தின் கிராமையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இந்தத் தூளின் வலிமை புரியும். துபாயின் அந்தப் பசுமை விதிகளின்படி வெளிச்சுவரின் வெப்பக் கடத்துமானம் ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு, 0.57 வாட்டைத் தாண்டக் கூடாது. கன மீட்டருக்கு 600 கிலோ அடர்த்தியுள்ள பிளாக்கின் வெப்பங்கடத்துதிறன் சுமார் 0.16. அதில் 200 மில்லிமீட்டர் சுவர் கட்டினால் 0.70 வாட் வரும்; விதியில் தோற்றுவிடும். அடர்த்தியை 500 கிலோவாகக் குறைத்தால் கடத்துதிறன் 0.12ஐ ஒட்டி இறங்கும். அதே கனச் சுவர் 0.54 வாட்டில் தேறிவிடும். இந்த இரண்டு பிளாக்குகளுக்கும் அலுமினியத்தில் என்ன வித்தியாசம்? என் கணக்கில் ஒரு கன மீட்டருக்கு 80 கிராம்தான் வருகிறது. ஒரு பிளாக்குக்கு இரண்டு கிராம்.

அப்படியானால் இன்னும் இரண்டு கிராம் போட்டு இன்னும் இலேசாக்கிவிடலாமே என்று தோன்றும். அங்கே வலிமை குறுக்கே நிற்கும். 600 கிலோ பிளாக் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 4, 5 நியூட்டன் தாங்கினால், 400 கிலோ பிளாக் 2 நியூட்டனை ஒட்டியே தாங்கும். வளைகுடாவில் பெரும்பாலான கட்டடங்களின் எடையைக் கான்கிரீட் தூண்களும் உத்தரங்களும் சுமக்கின்றன. சுவர் இடைவெளியை அடைக்கிறது, அவ்வளவே. எனவே இலேசான பிளாக்குக்கு அங்கே இடமுண்டு. ஆனால் அந்தச் சுவரில்தான் வாட்டர் ஹீட்டரும் ஏசியின் வெளி யூனிட்டும் தொங்குகின்றன. சாதாரண ரால்பிளக்கை அடித்தால் துளைச் சுவர்கள் நொறுங்கி ஆணி தளர்ந்துவிடும். இந்த பிளாக்குக்கென்றே செய்த நீளமான ஆங்கர்கள் வேண்டும். அவற்றை வாங்கித் தராத ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்யும் நம் ஆட்கள்தான் பிறகு ஹீட்டர் கழன்று விழுந்த பழியைச் சுமக்கிறார்கள்.

குமிழுக்குள் இருந்த ஹைட்ரஜன் என்ன ஆனது? தீப்பற்றும் வாயு ஆயிற்றே என்று வீடு கட்டுபவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. மூலக்கூறுகளிலேயே மிகச் சிறியது ஹைட்ரஜன். குமிழ்ச் சுவரின் நுண்துளைகள் வழியே அது கசிந்து வெளியேற, காற்று அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஆட்டோகிளேவுக்குள் நீராவி புகுந்து வரும்போது எஞ்சியதும் போய்விடும். சைட்டுக்கு வரும் பிளாக்கில் வெறும் காற்றுதான். பிளாக் எரியாது. ஆபத்து ஆலையில்தான்: காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும் என்பதால் மோல்டுகள் உப்பும் கூடத்தில் காற்றோட்டம் எப்போதும் இருக்க வேண்டும்.

ஹைட்ரஜன் வெளியேறியது இன்னொரு வகையிலும் நமக்கு நல்லது. அது காற்றைவிட ஏறக்குறைய ஏழு மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். குமிழ்களில் அது தங்கியிருந்தால் 0.12 என்ற எண் கிடைத்தே இருக்காது.

வாயு தருவது வடிவத்தை. அந்த வடிவத்துக்கு உறுதி தருவது ஆட்டோகிளேவ். 10 முதல் 12 பார் அழுத்தத்தில், 180 முதல் 190 டிகிரிச் சூட்டில், பத்து மணி நேரம்போல வேகும்போது சுண்ணாம்பும் மணலின் சிலிக்காவும் சேர்ந்து டோபர்மோரைட் என்னும் படிகமாகின்றன. ஸ்காட்லாந்தின் டோபர்மோரியில் கண்டெடுத்த கனிமம் அது. பிளாக்கின் குமிழ்ச் சுவர்கள் அந்தப் படிகத் தகடுகளின் பின்னல். இதற்கு நல்ல குவார்ட்ஸ் மணல் வேண்டும். பாலைவனத்தில் மணலுக்கா பஞ்சம் என்று நினைக்கலாம். அபுதாபிக் கடலோர மணலில் சிப்பி, பவளத்தின் சுண்ணாம்புத் துகளே மிகுதி. அது ஆட்டோகிளேவில் சுண்ணாம்போடு சேராது. உள்நாட்டில் அல் அய்ன் பக்கத்துச் செம்மணலில் குவார்ட்ஸ் அதிகம். காற்று உருட்டி உருட்டி வழவழப்பாக்கிய இந்த மணல் சாதாரணக் கான்கிரீட்டுக்கு உதவாது என்று ஒதுக்கப்படுவது. பிளாக் ஆலையில் எப்படியும் மாவாக அரைத்துவிடுவதால் அந்தக் குறை ஒரு பொருட்டே இல்லை.

ஆட்டோகிளேவ் இல்லாமல், நீரூற்றி ஆறவைத்தே இந்த பிளாக்கைச் செய்ய முடியாதா? செய்யலாம், சிறு முதலீட்டுக்காரர்கள் செய்தும் பார்க்கிறார்கள். சென்னை ஐஐடியில் நாராயணனும் ராமமூர்த்தியும் இதை ஆழமாக ஆராய்ந்தார்கள். காற்றூட்டிய கான்கிரீட்டின் உள்கட்டமைப்பும் பண்புகளும் குறித்து 2000இல் அவர்கள் எழுதிய தொகுப்புக் கட்டுரையை உலகெங்கும் ஆய்வாளர்கள் இன்றும் எடுத்தாளுகிறார்கள். மணலும், அனல்மின் நிலையச் சாம்பலும் கலந்த கலவைகளை அலுமினியத்தால் உப்பச் செய்து, நீராவியில் வேகவைத்ததையும் வேகவைக்காததையும் ஒப்பிட்டார்கள். உலரும்போது பிளாக் சுருங்குவதற்குக் காரணம் அலுமினியம் எழுப்பிய பெரிய குமிழ்கள் அல்ல, குமிழ்ச் சுவருக்குள் இருக்கும் நுண்துளைகளே. ஆட்டோகிளேவ் அந்த நுண்துளைகளின் அமைப்பையே மாற்றிவிடுவதால் சுருக்கம் சில மடங்கு குறைகிறது. ஈரப்பதம் ஏறி இறங்கி, வறண்ட காற்றும் வீசும் வளைகுடாவில், வேகவைக்காத பிளாக் சுவரில் பிளாஸ்டரோடு சேர்ந்து வெடிப்பு ஓடுவதற்கு இதுதான் காரணம். தூளை எவ்வளவு மாற்றினாலும் இந்தக் குறையைத் தீர்க்க முடியாது. வாயுவிடம் கேட்கக் கூடாததை வாயுவிடம் கேட்பதாகிவிடும்.

கடலோர ஈரம் இன்னொரு தொல்லை. எடையில் ஒரு சதவீதம் ஈரம் ஏறினால் வெப்பங்கடத்துதிறன் சுமார் 4 சதவீதம் கூடும். நனைந்த பிளாக்கைக் கட்டி உடனே பூசி மூடிவிட்டால், காகிதத்தில் தேறிய சுவர் முதல் கோடையிலேயே தேறாத சுவராகிவிடும். பெரிய குமிழ்கள் நீரை மேலே இழுப்பதில்லை, இழுப்பது நுண்துளைகள்தான். சிமென்ட் கலவையின் நீரையும் அவை உறிஞ்சிவிடும். அதனால்தான் தடித்த கலவைக்குப் பதில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனத்தில் இழுக்கும் பசை வந்தது.

அலுமினியத்துக்கு மாற்று உண்டா? துத்தநாகத் தூள் கிராமுக்கு 0.34 லிட்டர் ஹைட்ரஜன்தான் தரும், அலுமினியம் தருவதில் கால் பங்குக்குச் சற்றே அதிகம். போதாததற்கு சிமென்ட் இறுகுவதையும் தள்ளிப்போடும். வாயு வந்து முடிந்தும் கூழ் கூழாகவே கிடக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடு பிரிந்து ஆக்சிஜன் தருகிறது. ஹைட்ரஜன் அபாயம் இல்லை. ஆனால் மிக வேகமாக வாயு விடும், வளைகுடாச் சூட்டில் கிடங்கில் இருக்கும்போதே வீரியம் இழக்கும். கூரைச் சரிவுகளுக்கு ஊற்றும் ஃபோம் கான்கிரீட் வேறு சாதி. அங்கே நுரையைத் தனியாக அடித்துக் கூழில் கலக்கிறார்கள்; வினைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

என்னை அதிகம் ஈர்ப்பது வேறொரு சாத்தியம். பஹ்ரைனின் ஆல்பா ஆலை 1971 முதல் அலுமினியம் உருக்குகிறது. துபாயின் ஜெபல் அலி உருக்காலை 1979இல் தொடங்கியது. அபுதாபியின் அல் தவீலாவில் இருக்கும் ஆலையோடு இணைந்து இன்று எமிரேட்ஸ் குளோபல் அலுமினியம். உலகின் பெரிய அலுமினியக் களங்களில் ஒன்று வளைகுடா. உருக்கும்போது மேலே படியும் கசடில் உலோக அலுமினியம் கொஞ்சம் மிஞ்சும். 2022இல் ஷார்ஜாவிலும், அதைத் தொடர்ந்து துபாயின் வர்சானிலும் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையங்கள் இயங்கத் தொடங்கியிருக்கின்றன. அப்படி எரித்த சாம்பலிலும் ஃபாயில், டப்பா, மூடி என்று அலுமினியத் துணுக்குகள் தங்கும். ஒரு கிலோ அலுமினியத்தைப் பிரித்தெடுக்க 14, 15 யூனிட் மின்சாரம் செலவாகியிருக்கும்போது, அந்தத் துணுக்கைக் குழியில் கொட்டி மூடுவது எனக்கு மனம் ஒப்பாத காரியம். கசடையும் சாம்பலையும் வாயு ஊக்கியாகப் பயன்படுத்தும் ஆய்வுகள் பல நாடுகளில் நடக்கின்றன.

தடை மறுபடியும் நேரம்தான். செதில் தூளில் எல்லாத் துகளும் ஏறக்குறைய ஒரே அளவு. ஒரே அரை மணியில் வினை முடிந்துவிடும். சாம்பலில் மாவுபோன்ற துகளும் இருக்கும், அரிசியளவுத் துணுக்கும் இருக்கும். மாவு உடனே வாயு விட்டுவிடும். துணுக்கு கேக் இறுகிய பிறகும், சில சமயம் சுவர் கட்டிய பிறகும், மெல்ல வாயு விட்டுக்கொண்டே இருக்கும். உள்ளிருந்து பிளாக்கைப் பிளக்கும். கசடில் அலுமினியம் நைட்ரைடு வேறு இருக்கிறது. தண்ணீர் பட்டால் அமோனியா நெடி கிளம்பும். அதைக் கழுவி நீக்க வேண்டும், அரைக்க வேண்டும், சலித்து ஒரே அளவாக்க வேண்டும். லாரிக்கு லாரி மாறும் அலுமினிய அளவைச் சோதித்துச் சோதித்தே சேர்க்க வேண்டும்.

அந்தச் சோதனை பெரிய ஆய்வகம் கேட்பதில்லை. ஒரு குடுவையில் 40 டிகிரிச் சூட்டில் சுண்ணாம்புக் கரைசல், அதிலிருந்து போகும் குழாயின் மறுமுனையில் தண்ணீர் நிரப்பிக் கவிழ்த்த அளவுக்குவளை. நிறுத்தெடுத்த தூளைக் கரைசலில் போட்டு, நிமிடத்துக்கு நிமிடம் எத்தனை மில்லிலிட்டர் சேர்கிறது என்று குறித்துக்கொண்டு வந்தால் ஒரு வளைகோடு கிடைக்கும். முதல் இரண்டு நிமிடம் தட்டையாக இருந்து, பிறகு ஏறி, இருபதாவது நிமிடத்துக்குள் படுத்துவிடும் கோடு பிளாக்குக்கு உதவும். ஒரு மணி நேரம் கழித்தும் ஏறிக்கொண்டே இருக்கும் கோட்டைத் தந்த மூட்டையைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும், அதன் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும்.